பருப்பு அவியாத தண்ணீர்

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் நெடுந்தீவிலிருந்து படகேறுகிறவர்கள் எல்லோரும் எதையாவது பொலித்தீனில் சுற்றிக்கொண்டுதான் ஏறுவார்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கலியாணத்துக்கு உடுக்கிற சேலை. பக்கப்பாட்டில் அலை அடித்தால் எதிர்க்கரையான குறிகட்டுவானில் இறங்கும்போது புருவத்தில்கூட உப்புப் பூத்திருக்கும். நான் மற்றவர்களைவிட இரண்டு சுற்றுக் கூடச் சுற்றுகிறவன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டுப் போய்ப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். எஞ்சின் திருத்துவது என் தொழில்; கழற்றிப் பூட்டிய எஞ்சினை உரியவர் கொண்டுபோன பிறகும், அந்த ஆணியை இறுக்கினேனா என்று ஒரு கிழமைக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு நான் சுற்றியது என் தங்கச்சியின் மடிக்கணினியை.

அது சண்டை நின்ற சமாதான காலம். பாதை திறந்து, நிறுவனங்கள் தீவுகளுக்கு வந்து எதையாவது கணக்கெடுத்துக்கொண்டிருந்தன. தங்கச்சிக்கு அப்படியொரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. நெடுந்தீவின் கிணறுகளைப் போய்ப் பார்த்து, எது நல்ல தண்ணீர், எது உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர், எது தூர்ந்துபோனது, எதற்குக் கட்டு இடிந்தது என்று பட்டியல் எடுக்க வேண்டும். எந்தக் கிணறுகளைத் துப்புரவாக்கிக் கட்டிக்கொடுப்பது என்று அதைப் பார்த்து யாழ்ப்பாணத்துக் கந்தோரில் முடிவெடுப்பார்கள். மூன்று மாதத் தவணை வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் கைக்கு வந்தால் அடுத்த தீவுக்கும் அவளையே போடுவதாகப் பொறுப்பதிகாரி சொல்லியிருந்தார். வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அதை நான் எனக்குள்ளே பல விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நூற்றுப் பதினெட்டுக் கிணறுகள். சைக்கிளில் போய், நாய்க்குப் பயந்து, கல்வேலி ஏறிக் குதித்து அவள் எழுதியவை. பகலில் தாளில் எழுதுவாள், பின்னேரம் கரண்ட் வந்ததும் கணினியில் ஏற்றுவாள். ஏற்றி முடிந்த தாள்களை அம்மா அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டார். எரிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். நான் எல்லாவற்றுக்குமே வேண்டாம் என்று சொல்கிறவன் என்பதால் ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசிக் கிணறு, வெளிநாடு போன ஒரு குடும்பத்தின் பற்றை மூடிய வளவுக்குள் இருந்தது. பத்து வருஷமாக யாரும் அள்ளாத கிணறு. அங்கே போன நாளில்தான் உப்பை அளக்கிற கருவி பழுதானது. அதனால் ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் எடுத்து வந்தாள், கந்தோரில் கொடுத்து அளப்பிக்கலாம் என்று. திங்கட்கிழமை விடியப் பயணம். நான் கணினியை யூரியாப் பைக்குள் இருந்த உள் பொலித்தீனில் வைத்து, அதன்மேல் இன்னொன்று போட்டேன். போத்தல் வெளியில் இருந்தால் படகில் உருளும், யாராவது மிதிப்பார்கள் என்று தோன்றியது. அதையும் உள்ளே வைத்தேன். வைக்குமுன் மூடியை இறுக்கினேன். கட்டுமுன் இன்னொருதரம் இறுக்கினேன். கணினியை முழுதாக நிப்பாட்டினாளா என்று அவளிடம் மூன்று தரம் கேட்டேன். பிறகு நைலோன் கயிற்றால் வள்ளம் கட்டுகிற முடிச்சுப் போட்டேன்.

துறைக்குப் போனால் படகு இல்லை. காற்றுக் கடுமை, கடலில் வெள்ளை வெள்ளையாக உடைகிறது. இன்றைக்கு மட்டுமல்ல, இரண்டு மூன்று நாளைக்கு ஏலாது என்று படகோட்டி சொன்னார். வீட்டுக்குத் திரும்பி வந்து முடிச்சை அவிழ்த்தேன்.

பை பாரமாக இருந்தது. அடியில் தண்ணீர் குளம்போல நின்றது, கணினியின் பாதி அதற்குள். போத்தல் மூடி நடுவில் வெடித்திருந்தது. இரண்டாம் தரம் இறுக்கியது நான். ஒரு சொட்டுக் கடல் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று நான் கட்டிய கட்டு, கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டையும் வெளியே விடவில்லை.

தங்கச்சி கணினியைத் தூக்கி, பாவாடையில் துடைத்து, திறந்து, விரலை ஆளிப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள்.

"அமத்தாதை!" என்று நான் போட்ட சத்தத்தில் அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார்.

"உயிரோடை இருக்கோ எண்டு பாக்க வேண்டாமோ?"

"பாக்கப் போய்த்தான் சாகும். கடலுக்குள்ளை விழுந்த எஞ்சினைத் தூக்கின உடனை கயிறு இழுத்து அடிக்கிறதோ? திறந்து கழுவாமல் அடிச்சால் அதோடை சரி."

"இது எஞ்சின் இல்லை, அண்ணை."

"பற்றறி கிடக்குத்தானே. கரண்டும் உப்பும் சேர்ந்தால் எல்லாம் ஒண்டுதான்."

நான் அதைக் கவிழ்த்துப் பற்றறியைக் கழற்றினேன். எதையாவது செய்துகொண்டிருந்தால் பயம் குறையும் என்பது எனக்குத் தெரியும்.

அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எந்தத் தண்ணீர்? நல்ல தண்ணீர் என்றால் காயவிட்டால் போதும். சவர் என்றால் தண்ணீர் போய்விடும், உப்பு உள்ளே நிற்கும். செம்புக் கம்பியை உப்பு எப்படிப் பச்சையாகத் தின்னும் என்று நான் நாளாந்தம் பார்க்கிறவன். ஆனால் அந்தக் கிணற்றின் குணம் அறிந்த ஒருவரும் இப்போது ஊரில் இல்லை. அளக்கிற கருவியும் இல்லை. போத்தலின் அடியில் இரண்டு மிடறு மிச்சம் இருந்தது. நான் நக்கிப் பார்த்தேன். பயத்தில் வாய் காய்ந்திருந்ததால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தங்கச்சி நக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணி மாதிரித்தான்," என்றாள். அவளுக்கு அது நல்ல தண்ணீராக இருக்க வேண்டியிருந்தது.

அம்மா போத்தலை வாங்கி வாய்க்குள் விட்டு, கொஞ்சநேரம் கன்னத்தில் அடக்கிவைத்து, பிறகு விழுங்கினார்.

"அம்மா! தவளை செத்த தண்ணியா இருக்கும்!" என்று நான் கத்தினேன்.

"செத்த தவளையைவிட நீங்கள் ரெண்டு பேரும் எனக்குத் தந்த கரைச்சல் கூட," என்றார் அம்மா. "இது சவர். கனக்க இல்லை, நாக்கின்ரை கரையிலை நிக்குது. இந்தத் தண்ணியிலை பருப்பு அவியாது. நாள் முழுக்க எரிச்சாலும் கல்லுக் கல்லா நிக்கும்."

எங்கள் தீவில் அதற்குமேல் கேள்வி இல்லை. கலியாணத்துக்கோ செத்த வீட்டுக்கோ சமைக்க வருகிற பெண்கள் முதலில் கேட்பது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்றுதான். பருப்பு அவியும் கிணறு, அவியாத கிணறு என்று அவர்கள் மனதில் ஒரு பட்டியல் இருக்கும்.

"அப்ப கழுவ வேணும்," என்றேன்.

"என்னத்தாலை?"

"தண்ணியாலை."

தங்கச்சி என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அவள் என்னை எப்போதும் 'நீங்கள்' என்றுதான் சொல்லுவாள். கோபத்தில் மட்டும் அது மாறும்.

"தண்ணி பட்டுப் பழுதான சாமானுக்கு இன்னும் தண்ணி ஊத்தப் போறியோ? எட்டாம் வகுப்போடை நிண்டனி, உனக்கு லப்ரொப்பைப் பற்றி என்ன தெரியும்?"

எனக்கு ஒன்றும் தெரியாது. அது உண்மை. எட்டாம் வகுப்பில் இருந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்தோம். போன இடத்தில் ஒரு எஞ்சின் திருத்துகிற கொட்டிலில் நின்றேன், பிறகு பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. கணினியின் உள்ளுடம்பை நான் கண்டதே இல்லை. நான் செய்யப்போவது பிழையானால் இப்போது பாதி செத்தது முழுதாகச் சாகும். செய்யாமல் விட்டாலும் உப்பு தன் வேலையைச் செய்யும். இரண்டு பக்கமும் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் எப்போதும் எல்லாப் பக்கமும் பயமாக இருக்கிற ஒருவனுக்கு அதில் ஒரு வசதி உண்டு. பயம் வேறு, பிழை வேறு என்று பிரித்துப் பார்க்க அவன் பழகியிருப்பான்.

"பற்றறித் தண்ணி," என்றேன். "அதிலை உப்பும் இல்லை, ஒண்டும் இல்லை. கார் பற்றறிக்கே அந்தத் தண்ணிதான் விடுறது. அதாலை கழுவி, பேந்து ஸ்பிரிற்றாலை துடைச்சால் தண்ணியையும் ஸ்பிரிற் கொண்டு போகும்."

அவள் கதிரையை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பற்றறித் தண்ணீர் என்னிடம் இரண்டு போத்தல் இருந்தது. ஸ்பிரிற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கொடுக்கிற அப்போத்திக்கரி ஐயா மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"உம்மடை முகத்தைப் பாத்தால் ஆரோ சாகக் கிடக்கினம் போலை. ஆருக்கு?"

"லப்ரொப்புக்கு, ஐயா."

"ஸ்பிரிற் கேட்டு வாறவை கனக்கக் காரணம் சொல்லுறவை. இது புதுசு." சின்னப் போத்தலில் ஊற்றித் தந்தார். "குடிக்கக் குடாதாம் எண்டு அதுக்குச் சொல்லும்."

கணினியின் திருகாணிகள் எள்ளுப்போல இருந்தன. என்னிடம் இருந்த திருப்புளிகள் எல்லாம் எஞ்சினுக்கு உரியவை. தையல் மெசினுக்குரிய சின்னத் திருப்புளி சிலவற்றுக்குச் சரிவந்தது. மற்றவற்றுக்குச் சைக்கிள் கம்பி ஒன்றை அராவி எடுத்தேன். எந்த ஆணி எந்த ஓட்டைக்குரியது என்று மாறக்கூடாது. அதற்கு ஒரு தாளில் கணினியின் உருவத்தைக் கீறி, கழற்றுகிற ஆணியை அந்தந்த இடத்தில் குத்தி வைப்பதென்று நினைத்தேன். தாளுக்காகச் சாமான் பெட்டியைத் திறந்தால், பிளக்குகளைச் சுற்றி வைத்திருந்த தாள் தங்கச்சியின் கையெழுத்தில் இருந்தது. அடுப்புக்குப் போக இருந்ததில் ஒன்றை நான் எப்போதோ எடுத்திருக்கிறேன். அதில் நான்கு கிணறுகள்.

"நூற்றுப் பதினெட்டிலை நாலு தப்பிச்சுது," என்றேன்.

"பகிடி விடாதேங்கோ," என்றாள். 'நீங்கள்' திரும்பி வந்திருந்தது.

பட்டியல் இருக்கிற வட்டு எங்கே என்று அவள் காட்டினாள். பக்கவாட்டில் இழுத்ததும் ஒரு தட்டையான பெட்டி வந்தது. அது நனையாத பக்கம். இருந்தாலும் வேலை செய்யும் என்று யார் கண்டது? அம்மா கழுவிக் காய்ந்த துவாய் ஒன்றில் அதைச் சுற்றி, மாதா சொரூபத்தின் காலடியில் வைத்தார். "அவ பாத்துக்கொள்ளுவா. நீ உன்ரை வேலையைப் பார்."

விசைப்பலகையைத் தூக்கியபோது அதன் கீழே பச்சைத் தகட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கத் தொடங்கியிருந்தது. அம்மா சொன்னது சரி. புதிய பல் தூரிகையைப் பற்றறித் தண்ணீரில் தோய்த்து, மீனின் செதிலுக்குள் மண் எடுப்பதுபோல மெல்ல மெல்லத் தேய்த்தேன். தங்கச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். தண்ணீரை நான் ஊற்றியபோது கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று முறை கழுவி, ஸ்பிரிற்றால் ஒற்றி எடுத்து, உள் அறையில் நுளம்பு வலைக்குள் பாய் விரித்துப் பாகம் பாகமாகப் பரப்பினேன். வெளியில் காயவிட ஏலாது. காற்றில் மணலும் வரும், கடலுப்பும் வரும்.

இனிச் செய்ய ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் பொல்லாத நேரம். செவ்வாய்க்கிழமை முழுக்க வலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். "முட்டையிலை இருக்கிற கோழிகூட இவ்வளவு எழும்பாது," என்றார் அம்மா. பெரிய தகட்டின் கீழே, விரல் போகாத இடத்தில், ஈரம் இருக்குமா இல்லையா? செவ்வாய் போதுமா, புதனும் வேண்டுமா? காற்று நின்றால் படகு போகும், படகு போனால் வெள்ளிக்கு முன் தங்கச்சி அதைக் கொண்டுபோக வேண்டும். துறைக்குப் போய்க் கடலைப் பார்த்தேன். இரண்டாம் நாளாகத் தொழிலுக்குப் போகாமல் நின்றவர்கள் எல்லோரும் காற்று விழ வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்று இன்னும் ஒருநாள் அடி, இன்னும் ஒருநாள் அடி என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். வெளியில் சொல்லியிருந்தால் என்னைக் கடலுக்குள் தள்ளியிருப்பார்கள்.

புதன்கிழமையும் காற்று அடித்தது. வியாழன் விடிய நின்றது. வெயில் ஏறியதும் படகு புறப்படும் என்று ஆள் வந்து சொல்லிப் போனார்.

கடதாசியில் குத்திவைத்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டினேன். ஒன்று மிஞ்சியது. எங்கே உரியது என்று தெரியவில்லை. சட்டைப் பைக்குள் போட்டேன். வட்டைத் தள்ளி, பற்றறியைப் போட்டு, கணினியை முற்றத்தில் கிடந்த மர வாங்கில் வைத்தேன்.

"நீயே அமத்து," என்றேன்.

அமத்தினாள். உள்ளே ஏதோ மெல்ல உறுமியது, ஒரு சின்னப் பச்சை வெளிச்சம் வந்தது. திரை கறுப்பாகவே நின்றது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்தோம். கறுப்பு மாறவில்லை.

"சரி," என்றாள் தங்கச்சி. "சரி, போகட்டும். நான் திரும்பவும் போறன். ஒவ்வொரு கிணறாப் போறன்." அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் மூடவிடவில்லை. நம்பிக்கையால் அல்ல. ஒன்றை மூடுமுன் மூன்று தரம் பார்ப்பது என் வியாதி. குனிந்து, சரிந்து, கன்னம் வாங்கில் படப் பார்த்தேன். அப்போது பனைக்கு மேலால் வந்த வெயில் திரையில் சரிவாக விழுந்தது. கறுப்புக்குள்ளே, கிணற்றின் அடியில் கிடக்கிற வாளியைப்போல, மங்கலாக எழுத்துகள் நின்றன.

"இஞ்சை பார். இஞ்சை நிண்டு பார். சரிஞ்சு பார்!"

அவள் சரிந்து பார்த்தாள். "ஐயோ அண்ணை, வந்திருக்கு! வெளிச்சம்தான் இல்லை. எழுத்து இருக்கு!"

திரைக்குப் பின்னால் எரிகிற விளக்கு மட்டும் செத்திருந்தது. மற்றதெல்லாம் உயிரோடு இருந்தது. அவள் தட்டினாள், பட்டியல் திறந்தது. அவள் துள்ளிக்கொண்டு அப்படியே பைக்குள் வைக்கப் போனாள். நான் விடவில்லை.

"இதிலை இருக்கிறதைத் தாளிலை எழுதுவம்."

"கந்தோரிலை எடுப்பினம்தானே!"

"போற வழியிலை நிண்டால்? கடல் அடிச்சால்? இப்ப உயிர் இருக்கு, இப்பவே எழுதுவம்."

இந்த முறை அவள் என் பேச்சைக் கேட்டாள். அப்பா இருந்தபோது முகம் வழிக்கப் பாவித்த சின்னக் கண்ணாடியை அம்மா எடுத்து வந்து, வெயிலைப் பிடித்துத் திரையில் அடித்தார். தங்கச்சி சரிந்து கிடந்து வாசித்தாள். நான் வாங்கின் மறுமுனையில் குந்தியிருந்து கொப்பியில் எழுதினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இவ்வளவு எழுதினேன். முதல் பக்கத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. மூன்றாம் பக்கத்தில் வரிசைக்கு வந்துவிட்டன.

"எழுபத்திரண்டு. கட்டு இடிஞ்சது. நல்ல தண்ணி... அம்மா, ஆட்டாதேங்கோ!"

"கை உளையுது, பிள்ளை. சூரியனும் ஒரு இடத்திலை நிக்குதில்லை."

"அதைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. மாதாவுக்குச் சொன்ன நீங்கள்தானே."

நூற்றுப் பதினேழு வரை வந்தோம். நூற்றுப் பதினெட்டுக்கு வளவும் கட்டும் எழுதியிருந்தது, தண்ணீர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. அளக்காத கிணறு. எங்களை இந்தப் பாடு படுத்திய கிணறு. தங்கச்சி பையை எடுக்க உள்ளே ஓடிவிட்டாள். ஒரு வரியில் ஒரு இடம் வெறுமையாக இருப்பது எனக்குச் சரிவரவில்லை. அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன்.

படகில் அவள் கணினியை ஒரு துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நான் கொப்பியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். பொலித்தீன் சுற்றவில்லை. குறிகட்டுவான் வரை அந்தக் கவலை என்னைத் தின்றது, ஆனாலும் சுற்றவில்லை.

கந்தோரில் கணினி தெரிந்த ஒருவர், வேறொரு திரையைப் பின்னால் செருகியதும் எல்லாம் பளிச்சென்று வந்துவிட்டது. நாங்கள் எழுதிய கொப்பி தேவைப்படவே இல்லை. அவர் கணினியைப் பிரட்டிப் பார்த்து, ஒரு ஆணி குறைகிறதே என்றார். நான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரிக்காமல் வாங்கிப் பூட்டினார்.

பொறுப்பதிகாரி கொப்பியையும் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசி வரியில் விரல் நின்றது. சத்தமாக வாசித்தார்: "நூற்றுப் பதினெட்டு. பாழ் வளவு. கட்டு உறுதி. பருப்பு அவியாது."

தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"இது ஆர் எழுதினது?"

"அண்ணை," என்றாள். "ஆனால் அளந்தது அம்மா."

அவர் சிரித்து, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, திரும்பவும் சிரித்தார். பிறகு அந்த வரியை வெட்டாமல், பக்கத்தில் 'மீண்டும் மாதிரி எடுக்கவும்' என்று எழுதினார்.

"மாதிரி எடுக்கப் போகேக்கை அம்மாவையும் கேளும்," என்றார் தங்கச்சியிடம். "அடுத்தது எழுவைதீவு. சின்ன இடம்தான். எப்ப துவங்க ஏலும்?"

"திங்கட்கிழமை," என்றாள் அவள், என்னைக் கேட்காமலே.

ஞாயிற்றுக்கிழமை நான் அவளுக்கு ஒரு பலகைப் பெட்டி செய்தேன். கணினிக்கு ஒரு அறை, போத்தல்களுக்கு வேறொரு அறை, நடுவில் தடுப்பு. இரண்டு அறையின் அடியிலும் ஓட்டைகள் போட்டேன், எது சிந்தினாலும் நிற்காமல் ஓடிப்போகட்டும் என்று. போத்தல் மூடிகளை அவளே பூட்டினாள். நான் இறுக்கவில்லை. தொட்டு மட்டும் பார்த்தேன்.